துணிகளைக் கலக்கச் சொன்னவன்

1

நேற்றோடு நான் மஸ்கட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்தது. எனக்கே அது ஞாபகம் இல்லை. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அங்கே இருந்த ஊழியர் விரலைக் கருவியில் வைக்கச் சொன்னார். வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார், மறுபடியும் சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஒன்றிலும் ரேகை விழவில்லை. லாண்டரியில் சோப்பிலும் காரத்திலும் ஊறி ஊறி என் விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் தண்ணீரில் கை வைக்காமல் இருந்துவிட்டு வா என்றார். ஒரு வாரம் தண்ணீரில் கை வைக்காமல் இருந்தால் அட்டை கிடைக்கும், வேலை போய்விடும். இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரபியும் போதாது, ஆங்கிலமும் போதாது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா, பிரின்ஸ், இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் இப்போது நாம் எதை ஆரம்பித்தாலும் சண்டையில் போய் நிற்கிறது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவது வரை படித்தவன் நான், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த சங்கதியையும் எழுதுவேன். அதெல்லாம் இங்கே இருக்கிற எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா.

ஸ்டெல்லா, போன வாரம் நீ ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினாய். நீங்கள் எண்ணெய்த் துணி துவைக்கும் ஷெட்டின் சுவரில் ஒட்டும் தாள், நடந்த தவறுகளை எழுதுவது. அதில் ஒரு வரிசையைக் காலியாக விட்டு, "இதை நீங்கதான் எழுதணும்பா" என்று கேட்டிருந்தாய். பெற்ற தகப்பனை, வேலைக்கு வரும் பெண்கள் பார்க்கும் சுவரில் தவறை எழுதச் சொல்கிறாய். அது என்னால் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

2

எனக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை, உங்களுக்கு ஞாயிறு. நான் ஓய்வாக இருக்கும்போது நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள். நீங்கள் பூசை முடிந்து வீட்டில் இருக்கும்போது நான் ஹோட்டல் போர்வைகளை மிஷினில் திணித்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வயதில் நீங்கள் போனுக்கு அடித்துக்கொள்வீர்கள். இப்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறீர்கள். நான் பேசுவதில் பாதி உங்கள் துவைக்கும் மிஷினுக்குத்தான் கேட்கிறது.

"சாப்ட்டியா பிரின்ஸ்?" என்பேன்.

"ஆச்சு நைனா."

"சோறா, டிபனா?"

"நைனா, மூட்டை இறக்கிகினு கீறேன். அப்பாலிக்கா பேசறேன்."

"சரி, கலாஸ்" என்பேன். இங்கே எதை முடித்தாலும் கலாஸ்தான், நாக்கில் ஒட்டிக்கொண்டது. "அக்கா, ஷேக்கு போனை வெச்சிட்டாரு" என்று நீ அக்காவிடம் சொல்வது எனக்குக் கேட்கும், பிரின்ஸ். சிரிப்புக்குத்தான் சொல்கிறாய், தெரியும். வைத்த பிறகு அறையில் நான் தனியாகத்தானே இருக்கிறேன்.

பாக்கியம் அக்கா மட்டும் போனுக்குப் பக்கத்தில் வந்து, "மஸ்கட் அண்ணே, அங்க வெயில் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்பார். ஷெட்டில் வேலை செய்யும் நான்கு பெண்களுக்கும் நான் மஸ்கட் அண்ணன்தான்.

ஷெட் நூம்பலில் இருக்கிறது. படத்தில் பார்த்ததுதான், நேரில் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னப் பட்டறைகளில் மிஷின் துடைத்து எண்ணெய் ஏறிய துணிகளை வாங்கி வருகிறீர்கள். துவைத்து, காயவைத்து, திரும்பக் கொடுக்கிறீர்கள். துவைத்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை. மூன்று தொட்டிகளில் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, தெளிந்த நீரில் மறுபடி துவைக்கிறீர்கள். அந்தப் பெண்களுக்குக் கையுறை, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் உண்டு. இங்கே எனக்கு இல்லாத இரண்டும் அவர்களுக்கு இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் இடத்தைக் கேளுங்கள். ஹோட்டல் குளியலறையில், பூமியைக் காப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அட்டை வைத்திருக்கிறார்களாம். ஆனால் மடிப்புக் கலையாத துண்டும் தினமும் எங்கள் வண்டியில் வந்து விழுகிறது. அதையும் துவைக்கிறோம்.

3

இதை நீங்கள் ஏன் ஆரம்பித்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம், "எரிக்கிறதை நிறுத்தணும்னு" என்று ஸ்டெல்லா சொல்வாள். அந்த எரிப்பைப் பற்றி உங்களிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

இங்கே வருவதற்கு முன் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்தேன். இன்று மோல்டு பட்டறை வைத்திருக்கும் ஏழுமலையும் அன்று என்னோடு அதே பட்டறையில் உதவியாள்தான். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேலை உண்டு. வாரம் முழுவதும் துடைத்துப் போட்ட துணியைச் சாக்கில் அடைத்து, சுவருக்குப் பின்னால் காலி மனையில் கொட்டிக் கொளுத்துவோம். எண்ணெய்த் துணி சட்டென்று பிடிக்கும், லேசில் அணையாது. புகை மேனாம்பேட்டுப் பக்கம் சாயும். நம் வீடு அந்தப் பக்கம்தான்.

பிரின்ஸ், உனக்கு நாலு வயதில் இழுப்பு வந்தது. வீட்டுப் பக்கத்தில் ஏதாவது எரிக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். "ஆமா டாக்டர், எவனோ வாராவாரம் கொளுத்துறான்" என்றாள் உன் அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

4

ஊரில் நல்லது செய்ய நினைப்பவனுக்குத்தான் எத்தனை படிவம். ஷெட்டுக்கு அனுமதி வாங்க ஸ்டெல்லா எத்தனை முறை நடந்தாள் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள்.

"சலவைன்னு எழுதினா, எண்ணெய்த் துணி எப்படி சலவைல வரும்னு கேக்குறாங்கப்பா. கழிவுன்னு எழுதினா, கழிவை எப்படித் திரும்பப் பட்டறைக்குக் குடுப்பீங்கன்னு கேக்குறாங்க."

"அந்த அதிகாரி என்னதாம்மா சொல்றாரு?"

"நல்ல மனுசன்தான். டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல காரியம்மா, ஆனா எந்தத் தலைப்புல போடுறதுன்னு எனக்கே தெரியலைன்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் உங்களைவிட மலிவாக இதே தொழிலை ஒருவர் செய்கிறார். துணியை மண்ணெண்ணெயில் முக்கி, பிழிந்து, காயவைத்துக் கொடுத்துவிடுகிறார். முக்கிய மண்ணெண்ணெய் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர் எந்தப் படிவமும் எழுதவில்லை, அதனால் எந்தப் படிவமும் அவரைத் தடுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன்.

"நீயும் மழை நாள் பாத்துத் தண்ணியத் திறந்து விட்டுடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"



"எனக்குத் தெரியுமேப்பா" என்றாய், ஸ்டெல்லா.

அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பெருமையெல்லாம் வரவில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும்.

5

அப்புறம் அந்த விஷயம்.

ஆரம்பத்தில் நீங்கள் ஒவ்வொரு பட்டறைத் துணியையும் தனித்தனியாகத் துவைத்தீர்கள். பாதி மிஷின்கூட நிறையாது. நான் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா போடுறே? எல்லாத்தையும் சேத்துப் போடு. நாங்க இங்க அப்படித்தான் போடுறோம்."

"பட்டறைக்குப் பட்டறை அழுக்கு வேறப்பா."

"அழுக்குல என்னம்மா வேற வேற? எண்ணெய்னா எண்ணெய்தான். தண்ணிய மிச்சம் பண்ணணும்னு நீதானே பேசுறே? பாதி மிஷின் ஓட்டினா தண்ணியும் கரண்டும் தண்டம்தானே?"

உன் பேச்சையே எடுத்து உன்னை மடக்கினேன். பிரின்ஸும் என் பக்கம் சேர்ந்துகொண்டான். "அக்கா, நைனா பதினெட்டு வருசமா இதே தொழில்ல கீறாரு. நாம வீடியோ பாத்துக் கத்துகினு கீறோம். அவரு சொல்றதக் கேளேன்."

நீ யோசித்தாய். "சரிப்பா" என்றாய். அந்தச் சரி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? வருடக்கணக்காக என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அன்று கடைக்குப் போய் எனக்கு நானே ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடித்தேன்.

ஹோட்டல் துணி போக, இங்கே எங்களுக்கு வரும் எண்ணெய்த் துணி கார் கேரேஜ் துணிதான். அதில் கிரீஸ் இருக்கும், எண்ணெய் இருக்கும், இரும்புத் துருவல் இருக்காது. லேத் பட்டறைத் துணியில் துருவல் இருக்கும். மயிர் மாதிரி மெல்லிசாக நூலுக்குள் ஏறிக்கொண்டால், எத்தனை துவைத்தாலும் கண்ணுக்குப் படாது. லேத் பட்டறையிலேயே வேலை பார்த்தவன் நான். எனக்கே அது தோன்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொருத்தம். இத்தனை வருடம் துண்டும் போர்வையும் துவைத்ததில் அந்தத் துணி கையில் குத்தும் என்பதே மறந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, லேத் பட்டறையிலிருந்து வந்த துணி ஒன்று கலந்துபோய் ஏழுமலையின் பட்டறைக்குப் போயிற்று. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் மூடி வார்க்க அவன் ஒரு மோல்டு செய்து, ஆறு நாள் பாலிஷ் போட்டு வைத்திருந்தான். அதை அந்தத் துணியால் துடைத்திருக்கிறார்கள்.

நான் அவனுக்குப் போன் செய்தேன்.

"இன்னா மாமே, நல்லா கீறியா?" என்றான்.

"இருக்கேன் மச்சான். ஏதோ கோடு விழுந்துச்சாமே?"

"கோடா? பூனை பெறாண்டினாப்ல கீது. ஆர்டர் குடுத்த பார்ட்டி டார்ச் அடிச்சுப் பாக்குறான் மாமே. ஆறு நாளு பாலிசு, ஒரே தொடைல பூட்ச்சு."

"பிள்ளைங்க வந்தாங்களா?"

"உன் பொண்ணு வந்துச்சு. மோல்டப் பாத்துச்சு. தப்பு எங்களுதுதாண்ணான்னு சொல்லிச்சு. ஒரு சாக்கு சொல்லல. அதான் எனக்கு இன்னும் கடுப்பு. சண்டை போடக்கூட உடல."

6

அதோடு விட்டிருந்தால் ஏழுமலை ஒருவன்தான் போயிருப்பான். நீ அடுத்த நாள் உட்கார்ந்து கையாலேயே எழுதி, துணி வாங்கும் பதினோரு பட்டறைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாய். மூன்று வாரமாகக் கொடுத்த துணியில் இரும்புத் துருவல் கலந்திருக்கலாம், பாலிஷ் போட்டதைத் துடைக்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம் என்று. ஆறு பட்டறைக்காரர்கள் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள்.

பிரின்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே உனக்குப் போன் போட்டேன்.

"தெரியாதவங்களுக்கு ஏம்மா போய்ச் சொன்னே?"

"தெரியாததாலதான்பா சொன்னேன்."

"அவங்களுக்கு ஒரு கீறலும் விழலையே?"

"விழுந்த பிறகு சொல்லணுமா?"

"இப்படி இருந்தா தொழில் பண்ண முடியாது ஸ்டெல்லா. ஷெட்டை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"மூட வேண்டி வந்தா மூடிக்கிறேன்பா" என்று வைத்துவிட்டாய்.

மீதி ஐந்து பட்டறைகளை வைத்து நான்கு பெண்களுக்கும் எத்தனை நாள் வேலை கொடுப்பீர்கள்? அதைத்தான் நான் இங்கே மிஷின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு உன்மேல் கோபம். அந்த மண்ணெண்ணெய்க்காரர்மேல் கோபம். தலைப்புக் கிடைக்காத படிவத்தின்மேல் கோபம். இந்த நிலைமையில்தான் உன் தாள் வந்தது.

அதில் எல்லார் கையெழுத்தும் இருந்தது. என்ன நடந்தது, யார், ஏன், இனி என்ன செய்வோம் என்று நான்கு கட்டம். பாக்கியம் அக்கா எழுதியிருந்தார்: "கொழாய மூட மறந்துட்டேன். சீரியல் நெனப்பு." பிரின்ஸ் எழுதியிருந்தான்: "மூட்டையை இறுக்கிக் கட்டவில்லை. வேலப்பன்சாவடி சிக்னலில் அவிழ்ந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்." நீ எழுதியிருந்தாய்: "ஈரம் காயும்முன் கட்டி அனுப்பிவிட்டேன். அவசரம்." கடைசி வரிசையில், மோல்டில் கீறல் என்று மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் காலி.

நான் எழுதி அனுப்பினேன், மறுக்கவில்லை. "வெளிநாட்டு ஆலோசனையின் பேரில் துணிகள் ஒன்றாகத் துவைக்கப்பட்டன" என்று. யார் என்ற கட்டத்தில், நிர்வாகம் என்று எழுதினேன்.

"நிர்வாகம்னா நானும் பிரின்ஸும்தானேப்பா?" என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பினாய்.

அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

7

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. தபாலில் சேர்க்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன். ஏழுமலையிடம் பேசியதில் ஒன்றை விட்டிருக்கிறேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஸ்டெல்லா ஒரு சாக்கும் சொல்லவில்லை என்று அவன் சொன்னானே, அப்போது நான் சொன்னது இது: "சின்னப் பிள்ளைங்க மச்சான், அனுபவம் பத்தாது."

அதற்கு அவன், "அதான் மாமே. நீ பக்கத்துல இருந்திருந்தா இப்படி உட்டிருப்பியா?" என்றான்.

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டாக்டர் முன்னால் நின்ற மாதிரியே நின்றேன்.

நேற்று சாப்பாட்டு வேளையில் அவனுக்கு மறுபடி போன் செய்தேன்.

"மச்சான், எல்லாத் துணியையும் கலக்கச் சொன்னது நான்தான். ஸ்டெல்லா வேணாம்னுதான் சொன்னா."

"அப்ப அன்னிக்கு ஏன் மாமே புள்ளைங்க மேல தூக்கிப் போட்ட?"

"வாய் வரல."

"இன்னா ஆளுய்யா நீ" என்றான். பிறகு, "உன் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா துணி வேணாம் மாமே. இப்ப புதுசா பனியன் கம்பெனி வேஸ்ட்டுத் துணி வாங்கிகினு கீறேன்."

"தொடச்ச வேஸ்ட்ட என்ன பண்றே?"

"இன்னா பண்ணுவாங்க? கொளுத்தறதுதான்."

நான் உண்மையைச் சொன்னதால் ஒன்றும் திரும்பி வரவில்லை பிள்ளைகளே. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான். ஆறு பட்டறைகளும் போனது போனதுதான். படிவம் இன்னும் அந்த அதிகாரியின் மேசையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன். மூன்று தாள் கிழித்த பிறகு வந்தது இது:

என்ன நடந்தது: லேத் பட்டறைத் துணியையும் மோல்டு பட்டறைத் துணியையும் சேர்த்துத் துவைத்ததில் மோல்டில் கீறல்.

யார்: ம. அந்தோணிசாமி.

ஏன்: பட்டறைக்குப் பட்டறை அழுக்கு வேறு என்று ஸ்டெல்லா சொன்னாள். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். விசாரித்தபோது பிள்ளைகள்மேல் போட்டேன்.

இனி: ஒவ்வொரு பட்டறைத் துணிக்கும் ஓரத்தில் ஒரு நிறத்து நூல் தைக்க வேண்டும். எங்கள் லாண்டரியில் ஆஸ்பத்திரித் துணிக்கு அப்படித்தான் செய்கிறோம். உங்களுக்குச் சரிப்படுமா என்று எனக்குத் தெரியாது. யோசித்துச் செய்யவும்.

படம் பிடித்து அனுப்பினேன். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. இன்று காலை பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஒரு குரல் பதிவு வந்தது. தாளைச் சுவரில் ஒட்டும்போது பதிந்திருக்கிறாய் போலிருக்கிறது. மிஷின் சத்தத்துக்கு நடுவே பாக்கியம் அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"அந்தோணிசாமியா? யாரும்மா இது, புதுசா வந்த ஆளா?"

"ஆமாக்கா" என்றாய் நீ. "இப்பதான் சேந்திருக்காரு."